கட்டியைச் சுற்றி இருந்த அக்கா

என் வாயாடி அக்கா மரிக்கண்ணுக்கு,

நேற்று எங்கள் மருத்துவப் பள்ளியில் உன்னைப் பற்றித்தான் பாடம். உன் கன்னத்தில் ரேடியம் ஊசி வைத்த அதே வெள்ளைக்காரத் துரை டாக்டர் நடத்தினார். நீ என் அக்கா என்பது அவருக்கு நினைவில்லை. நீ புற்றுக்கட்டியோடு இருந்தபோது எடுத்த படத்தையும் கட்டி கரைந்தபின் எடுத்த படத்தையும் காட்டி, பிரெஞ்சில் "கெரி" என்றார். குணமாகிவிட்டாள் என்று அர்த்தம்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குணமானவளையா அக்கா நாங்கள் கல்லறைக்குத் தூக்கிப் போனோம்?

கட்டி கரைந்த அன்று ஆஸ்பத்திரியிலும் இதையேதான் சொன்னார். குருசுக்குப்பத்துக்குத் திரும்பும் வழியில் நீ கேட்டாய்: "கரின்னா சொன்னாரு?" நான் சிரித்துவிட்டு விளக்கம் சொன்னேன். சில மாதம் கழித்துப் பல் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. தாடை எலும்பு வெளியே தெரிந்தது. வாயில் ஒரு விரல்கூட நுழையவில்லை. அப்போது நீ வாயைத் திறக்க முடியாமலே முணுமுணுத்தாய்: "நான் சரியாத்தான்டா கேட்டிருக்கேன். கரின்னுதான் சொல்லியிருக்காரு."

மீன் கூடையை இறக்கினால் தெருவையே வாயடைக்க வைத்தவள் நீ. உனக்குத் துணியைக் கஞ்சியில் நனைத்து வாயில் ஒழுகவிட்டோம்.

ரேடியத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. அது இல்லாமல் இருந்தால் கட்டி உன்னை இன்னும் சீக்கிரம் கொன்றிருக்கும். ஆனால் உன் தாடையிலிருந்து கழன்று விழுந்த எலும்பில் கொஞ்சம் சதை ஒட்டியிருந்ததே, அதை இவர்களில் யாராவது பார்த்தார்களா? நான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். சின்னச் சின்ன ரத்தக் குழாய்களெல்லாம் அடைத்துக் கிடந்தன. எலும்புக்கு ரத்தமே போகவில்லை.

ஊசியை எவ்வளவு நேரம் வைத்தால் கட்டி சாகும்? எவ்வளவு நேரம் தாண்டினால் பக்கத்துச் சதையும் சேர்ந்து சாகும்? எலும்பிலிருந்து எவ்வளவு தள்ளிக் குத்த வேண்டும்? இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள்? கட்டியை மட்டும் வாரா வாரம் அளந்து எழுதினார்களே, அந்த வாய் சோறு தின்கிறதா என்று ஒருநாளாவது கேட்டார்களா?

நேற்று வகுப்பில் எழுந்து நின்று இதையெல்லாம் கேட்டுவிட்டேன்.

"அது வேறு விஷயம். நாம் பேசுவது கட்டியைப் பற்றி" என்றார் துரை.

"கட்டியைச் சுற்றி இருந்தது என் அக்கா" என்றேன்.

இன்று காலை பள்ளித் தலைவர் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். மன்னிப்பு எழுதித் தராவிட்டால் கடைசிப் பரீட்சைக்கு உட்கார முடியாதாம். உன் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். "எழுதிக் குடுத்துட்டுப் போடா. போனவ திரும்பியா வரப் போறா? நீயாவது டாக்டர் ஆவு" என்றார் மாமா. அவர்மேலும் கோபம் வந்தது. ஆனால் உனக்குக் கஞ்சி ஊட்டிய கையாயிற்றே, எதிர்த்துப் பேசாமல் வந்துவிட்டேன்.

பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு பெண் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள், அக்கா. அவளுக்கும் கன்னத்தில்தான் கட்டி. திங்கட்கிழமை ஊசி வைக்கப் போகிறார்கள். "கட்டி போயிடும்னாங்க. அப்பால நல்லா சாப்பிடலாம் இல்ல?" என்று என்னைக் கேட்கிறாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நான் சொல்வேன். கட்டி போகும், கூடவே தாடை போனாலும் போகலாம் என்று ஊசி வைக்கும் முன்பே பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன். வேண்டுமா வேண்டாமா என்று அவள் முடிவு செய்யட்டும். சம்மதித்தால், சொத்தைப் பல்லைக் கவனிக்காமல் ஊசியைத் தொடக் கூடாது என்று டாக்டரோடு சண்டை போடுவேன். பிறகு வாரம் தவறாமல் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். டாக்டராக உள்ளே விடாவிட்டால், நோயாளியைப் பார்க்க வந்தவனாகப் போவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இதற்கு ஒரு நகல் எழுதிப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன், ஊரே படிக்கட்டும். பள்ளிக்கு இந்தத் தாளே போகிறது. மன்னிப்பு எழுதச் சொல்லி அவர்கள் கொடுத்த தாள்தான் இது.

உன் கூடப் பிறந்த தம்பி,
சவரிமுத்து