ரூமுக்கு நாலு பேர்

அத்தான், டியூட்டிக்குக் கிளம்பிட்டேன். இட்லி ஹாட்பாக்ஸ்ல, சட்னி ஃப்ரிட்ஜ்ல. பத்து மணிக்கு உங்களுக்கு மதுரை கம்பெனி வேலைக்கான ஆன்லைன் டெஸ்ட். லேப்டாப்பை சார்ஜ்ல போட்டிருக்கேன்.

நேத்து உங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து என் தொண்டை வத்திப்போச்சு. "பட்டாசு ஆர்டரை நாலு பேர் ஆறு நாள்ல முடிச்சா, எட்டுப் பேர் எத்தனை நாள்ல முடிப்பாங்க?"ன்னு கேட்டா, "ஏட்டி, ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல விடமாட்டேன், கேள்வியே தப்பு"ங்கிறீக! பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேனைக் கட்டினா இப்படித்தான். மண்டூகம்னு திட்டிட்டுப் படுத்தேன். காலையில இட்லி ஊத்தும்போது ஒரே சிரிப்பு. அங்கன வாசல்ல நின்னு நீங்க தலை எண்ணுறதாலதானே எல்லாரும் முழுசா வீடு திரும்புறாக.

வினோலியா

ஓரத்துல எழுதுறேன், பாருங்க: இன்னைக்கு மட்டும் எட்டுப் பேரையும் உள்ள விட்டுடுங்க அத்தான். கணக்கு வெடிக்காது.