சுவருக்கும் விஷ்னியாவுக்கும் நடுவே

மார்ச் 3

மருத்துவமனையிலிருந்து இப்போதுதான் வந்தேன். தாரின்காவுக்கு இடுப்பெலும்பு ஒட்ட இன்னும் பல வாரங்கள் ஆகுமாம். என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "விஷ்னியா நடக்கிறாளா?" கட்டிய கணவன் சாப்பிட்டானா என்று கேட்கவில்லை.

அவள் குதிரை விஷ்னியா நடக்கவில்லை. கூரான கல்லை மிதித்துத் தடுமாறி, தாரின்காவைத் தலைகுப்புறத் தள்ளிய நாளிலிருந்து முன்னங்கால் இரண்டிலும் அடிப்பாதம் கன்றிப்போய் நிற்கிறாள். ஆணி அடித்து அடித்துக் குளம்பு வெடித்ததால் லாடத்தைப் போன இலையுதிர்காலமே கழற்றிவிட்டோம். இனி அடிக்கவும் முடியாது. தினமும் நடந்தால்தான் தேறுவாள் என்கிறார் கால்நடை மருத்துவர். எங்கள் ஊரில் கல் இல்லாத பாதை ஏது? ஆகவே குதிரைக்கு பூட்ஸ். ரப்பர் அடியும் இழுத்துக் கட்டும் வாரும் உள்ள பூட்ஸ்.

"மாட்டிவிட வேண்டியது நீதான்," என்றாள். "கார்லோ கையில விட்டுடாத. லாரியில ஏத்திடுவான்."

கார்லோ அவள் தம்பி. அக்காவின் எலும்பை உடைத்த குதிரை எல்லை தாண்டி இறைச்சிக்குப் போகட்டும் என்பது அவன் கட்சி.

இங்கே மட்டும் எழுதுகிறேன். எனக்குக் குதிரை என்றால் பயம். வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவன் நான். பேருந்து திரும்பிப் பார்த்து மூச்சு விடாது. கொட்டில் கதவுக்கு மேலாகப் புல்லை வீசிவிட்டு ஓடிவந்துவிடுகிறேன். லாரி என்றதும் ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. சீ.

மார்ச் 5

குளம்பு சீவும் த்யாஷா வந்துபோனாள். புர்யா காற்று கூரைமேல் வைத்த கல்லையே நகர்த்துகிறது.

"அண்ணே, சீவின கையோட அளந்துடணும். வளர்ந்த குளம்ப அளந்தா பூட்ஸ் பெருசாப் போயிடும். முன்னங்கால் ரெண்டையும் அளந்து இன்னிக்கே கடைக்கு அனுப்பிடுங்க. காத்துக்கு ரோட்ட மூடுறதுக்குள்ள நான் கிளம்பணும்."

இடது காலை அளந்தேன். விஷ்னியாவின் மூச்சு என் பிடரியில் சூடாக விழுந்தது. மூன்று முறை அளக்க வேண்டியிருந்தது.

வலது பக்கம்? அந்தப் பக்கம் சுவர். கொட்டில் குறுகல், அவள் கொஞ்சம் சாய்ந்தால் நான் அப்பளம். இந்தக் காற்றில் வெளியே கொண்டுவரவும் முடியாது. குதிரையிடம் இடது பக்கமாகத்தான் போக வேண்டும் என்று எல்லோரும்தானே சொல்கிறார்கள்?

இடது அளவையே வலதுக்கும் எழுதி அனுப்பிவிட்டேன். ஒரே குதிரையின் கால்கள்தானே.

மார்ச் 11

பூட்ஸ் வந்தது. காற்று ஓய்ந்ததால் முற்றத்தில் வைத்தே மாட்டினேன். இடது பூட்ஸ், ரப்பர் சுத்தியலால் தட்டத் தட்ட இறுக்கமாக உட்கார்ந்தது. வலது தட்டாமலே ஏறிவிட்டது. வேலை சுலபமாக முடிந்தது. நாளை நடக்க வைக்கிறேன். தொலைபேசியில் சொன்னதும் தாரின்கா அழுதாள்.

மார்ச் 12

கை எரியுது. எழுத முடியல.

நல்லாத்தான் நடந்தா. சரிவுல இறங்கும்போது வலது பூட்ஸ் திரும்பிடுச்சு. அப்புறம் கழண்டு, கணுக்கால்ல தொங்கி, அடிக்க அடிக்க — அவளுக்கு ஏதோ பிசாசு கால்ல பிடிச்ச மாதிரி. எழும்பினா. என் தலைக்கு மேல அந்தக் காலு. கயிற விட்டுட்டேன். உள்ளங்கைத் தோலு கயிறோடயே போச்சு.

சாலைப் பக்கம் ஓடினாள். எதிரே ஒரு கார் வந்திருந்தால்? ஒரு குழந்தை நடந்து வந்திருந்தால்?

கார்லோ வீட்டு மதில் ஓரம் கண்டுபிடித்தோம். உடம்பெல்லாம் வேர்த்து, வலது காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"போதும் மச்சான்," என்றான் கார்லோ. "உனக்கும் பயம், அவளுக்கும் பயம். ரெண்டு பயந்தாங்கொள்ளிய ஒண்ணா விட்டுட்டு அக்கா அங்க படுத்திருக்கா. திங்கக்கிழமை லாரி வரச் சொல்றேன்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன மனுஷன் நான்?

மார்ச் 13

த்யாஷாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"வலது கால அளந்தீங்களா, அண்ணே?"

உண்மையைச் சொன்னேன்.

"அவளுக்கு வலது குளம்பு ஒடுக்கம். நெறைய குதிரைக்கு அப்படித்தான், ரெண்டும் ஒண்ணா இருக்காது. என் வண்டியில பழைய பூட்ஸ் கெடக்கு. சரியான அளவு சொல்லுங்க, சனிக்கிழமை கொண்டுவரேன். இந்த வாட்டி அந்தப் பக்கம் போய் அளங்க."

நேற்றைய பயத்தில் விஷ்னியா கொட்டிலைவிட்டு வெளியே வர மறுக்கிறாள். ஆகவே உள்ளேதான். சுவருக்கும் அவளுக்கும் நடுவே.

மூன்று முறை கதவுவரை போய்த் திரும்பினேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி போனேன். நுழைந்ததும் அவள் சாய்ந்தாள். நெஞ்சுக்கூடு சுவரில் அழுந்தியது. கத்தினால் மிரளுவாள், மிரண்டால் நான் செத்தேன். ஏதாவது மெதுவாகப் பேச வேண்டும், என்ன பேசுவது? வாயில் வந்தது என் பழைய பேருந்தின் நிறுத்தங்கள்தான். செஷானா. தொமாய். துத்தோவ்லே. ஷ்டான்யெல். மறுபடி செஷானா. குரல் எனக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு நடுங்கியது. எத்தனை நடை ஓட்டினேனோ தெரியாது. மெல்ல மெல்ல அவள் பாரம் என்மேலிருந்து விலகியது. அப்போதுதான் கவனித்தேன், அவளும் நடுங்கிக்கொண்டிருந்தாள். தோல் முழுக்க.

துத்தோவ்லே என்றபோது காலைத் தட்டினேன். தூக்கிக் கொடுத்தாள்.

இடதைவிட நன்றாகவே ஒடுக்கம். அளந்து முடித்து வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இல்லை.

மார்ச் 16

த்யாஷா கொண்டுவந்த பூட்ஸ் நல்ல பழசு, ஆனால் பொருந்தியது. மாட்டிய பிறகு காலைத் தூக்கி இரண்டு கையாலும் திருகிப் பார்க்கச் சொன்னாள். அசையவில்லை. மேல்வாருக்குள் ஒரு விரல் போகிறது, போதுமாம். அதே சரிவில் இறங்கினோம். விஷ்னியா வலியில் தலையை ஆட்டாமல், கல்லைப் பார்க்காமல் நடந்தாள்.

மார்ச் 18

லாரி வரும் முன்பே அவளைக் கார்லோ வீட்டு வழியாக நடத்திக்கொண்டு போனேன். அவன் காபிக் கோப்பையோடு வாசலில் நின்று போகும்போது பார்த்தான், வரும்போதும் பார்த்தான். "இன்னும் பயந்தாங்கொள்ளிதான் மச்சான் நீ, கை ஆடுது பாரு," என்றான். பிறகு உள்ளே போய் லாரிக்காரனைக் கூப்பிட்டு, வர வேண்டாம் என்றான்.

ஏப்ரல் 21

தாரின்கா வீடு வந்து ஐந்தாம் நாள். ஊன்றுகோலோடு சமையலறைவரை நடக்கிறாள். கொட்டிலுக்கு மட்டும் போகவில்லை. முதல் நாள் இடுப்பு வலி என்றாள், மறுநாள் காற்று என்றாள். இன்று காற்றே இல்லை. விஷ்னியா கனைத்தபோது அவள் கையில் இருந்த கரண்டி விழுந்தது.

இருபது வருடமாக அந்தக் குதிரைக்காரியைப் பார்த்து நான் பயந்திருக்கிறேன். அவள் பயந்து பார்த்ததில்லை.

"அல்பின், அவ என்னை மறுபடி தள்ளிட்டா?" என்றாள் ராத்திரி, சுவரைப் பார்த்துக்கொண்டே. தள்ளமாட்டாள் என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? அவள் முதுகைத் தடவிக்கொண்டு படுத்திருந்தேன்.

ஏப்ரல் 24

இன்று கொட்டிலுக்கு வந்தாள். இடது பக்கம் ஊன்றுகோலில் நின்று விஷ்னியாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் பூட்ஸோடு வலது பக்கம் புகுந்தேன்.

"சுவத்துப் பக்கமா? நானே அங்க போகமாட்டேனே," என்றாள்.

"என் பஸ் நிறுத்தம் பேரச் சொல்லு. மூணாவதுல காலத் தூக்குவா."

"பைத்தியமா உனக்கு," என்றாள். பிறகு சொன்னாள். செஷானா. தொமாய். அத்தோடு குரல் நின்றுவிட்டது. விஷ்னியாவின் கழுத்துக்கு அடியில் பார்த்தேன். தாரின்கா கயிற்றின் நுனியை மட்டும் பிடித்தபடி ஓர் எட்டு பின்னால் போயிருந்தாள். நானே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விஷ்னியாவும் காலை ஊன்றியபடியே காத்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து, "துத்தோவ்லே," என்றாள் தாரின்கா. கால் மேலே வந்தது.