துண்டுக்குள் கை

பிப்ரவரி 9

புது ரவிக்கை தைத்து வந்தது. இடது கையை மட்டும் பெரிதாக வையுங்கள் என்று தையல்காரர் செல்லத்துரையிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து எனக்குத் தைக்கிறவர். நம்பவில்லை போலிருக்கிறது, இரண்டையும் ஒன்றுபோலவே தைத்துவிட்டார். வலது கை சுகமாக நுழைந்தது. இடது கை முழங்கையோடு நின்றது. இழுத்த இழுப்பில் தையல் பிரிந்தது.

மார்பில் ஆபரேஷன் முடிந்து வருஷம் திரும்பப் போகிறது. ரிப்போர்ட் எல்லாம் சுத்தம் என்று கோயமுத்தூரில் சொல்லிவிட்டார்கள். அப்பாடா என்று உட்காரும்போது கை வீங்க ஆரம்பித்தது. முதலில் மோதிரம் ஏறவில்லை, பிறகு வளையல். இப்போது அழுத்தினால் பிசைந்த மாவில் அழுத்தியதுபோலப் பள்ளம் நிற்கிறது. ஆனை நுழைந்துவிட்டது, வால் நுழையவில்லை என்கிற கதை.

வீட்டுக்காரர் வெளியிலிருந்து, "அம்மிணி, ரவிக்கை சரியா இருக்குதா?" என்றார்.

"இருக்குதுங்க" என்றேன். பொய்.

பிப்ரவரி 12

படுக்கையில் கிடக்கிற நோயாளிகளை வீடு தேடி வந்து பார்க்கிற பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் ஜீப் வாசலில் வந்து நின்றது. இந்த ஊரில் அந்த ஜீப் ஒரு வீட்டுக்கு வந்தால் அடுத்து வருவது சாமியானாப் பந்தல் என்றுதான் நினைப்பார்கள். ஜீப் திரும்புவதற்குள் அவருடைய தங்கை சின்னத்தாயி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். "ஏனுங் நங்கை, மறுக்கா வந்துருச்சுங்களா?" கைக்குக் கட்டுப் போட வந்தார்கள் என்று சொன்னேன். சப்பென்று போய்விட்டது அவளுக்கு.

வந்த மலையாளத்துப் பெண் ஜோமோள். நர்ஸ், இந்தக் கைவீக்க வைத்தியத்துக்குத் தனியாகப் படித்தவளாம். என் பேரைக் கேட்டுவிட்டு, "கமலாத்தாளோ? பாட்டிமார் பேரு அல்லே சேச்சி!" என்று சிரித்தாள். கை நன்றாக இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பேன்.

அவள் சொன்னது எனக்குச் சட்டென்று புரிந்தது. உடம்பில் நிணநீர் என்று ஒன்று ஓடுகிறது. ஆபரேஷனில் அக்குளில் இருந்த முடிச்சுகளை எடுத்ததால் அதற்குப் போகிற வழி குறைந்துவிட்டது. கடைமடை அடைத்தால் தண்ணீர் வயலிலேயே நிற்காதா, அதுதான். தோலுக்குக் கிரீம், மேலே மெல்லிய பருத்தி உறை, விரல் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுற்று, பஞ்சுச் சுருள், அதன்மேல் அழுத்தக்கட்டு. கட்டோடுதான் கையை மடக்கி நீட்ட வேண்டும். குளிக்கும்போது அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். வீக்கம் நன்றாக வடிந்தால் அளவெடுத்து இறுக்கமான கையுறை ஒன்று வாங்கலாம், அதை நானே மாட்டிக்கொள்ளலாம்.

அதுவரைக்கும்?

"வீட்டில் ஆரு கட்டித் தரும் சேச்சி?"

"நானே கட்டிக்குவன்."

"ஒரு கையை வெச்சு மற்ற கையைக் கட்ட பற்றாது. சேட்டன் இல்லே?"

சேட்டன் என்று அவள் சொன்ன என் வீட்டுக்காரர் கட்டுத்தறியில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டு, காதை மட்டும் இங்கே வைத்திருந்தார். அவருக்குச் சந்தை வேலை, நேரம் இருக்காது என்றேன்.

அவரிடம் காட்ட மாட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் முன்னால் என் முந்தானை ஒரு விரல் அகலம் விலகியதில்லை. படுக்கை கூட நடு அறைக்கு மாறிவிட்டது. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது நல்ல குணமா, பார்க்க வேண்டாம் என்கிற எண்ணமா? நான் எப்படிக் கண்டேன்?

பிப்ரவரி 13

செல்வப்பிரியா லீவு போட்டுக் கோயமுத்தூரிலிருந்து வந்துவிட்டாள். மகள் கட்டுகிறாள், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் கையை எனக்கே பார்க்கப் பிடிப்பதில்லை.

பிப்ரவரி 19

கணுக்கள் தெரிகின்றன! விரல் கணுக்கள். காணாமல் போன சொந்தக்காரர்கள் திரும்பி வந்ததுபோல.

கட்டுத்துணிகளை அலசி நிழலில் காயப்போட்டேன். கன்றுக்குட்டி ஒரு சுருளைப் பாதி தின்றுவிட்டது.

பிப்ரவரி 21

மகள் நேற்றுப் போய்விட்டாள். இன்று நானே கட்டினேன். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சுருளைத் தொடையில் உருட்டி, கதவுக் கொண்டியில் மாட்டி இழுத்து. முடிந்தபோது கை சரியாகக் கட்டாத வாழையிலைக் கட்டு மாதிரி இருந்தது. எழுந்தேன், எல்லாம் அவிழ்ந்து காலைச் சுற்றிக்கொண்டது.

பிப்ரவரி 25

கணுக்கள் மறுபடி போய்விட்டன.

சின்னத்தாயியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு ஒரு 'அய்யோ பாவமே' வீதம் சுற்றினாள். கடைசியில் அவள் கண்ணைத் துடைக்க நான் துணி தேட வேண்டியதாயிற்று. போதும் தாயி, நீ போ என்று அனுப்பிவிட்டேன்.

மகள் போனில், "அம்மா, நான் அப்பாகிட்டக் கட்டச் சொல்லட்டுமா?" என்றாள்.

"சொன்னீன்னா இனி உன்ற போனையே எடுக்க மாட்டன்."

எதுக்கு அவளக் கத்தினேன்? அவ என்ன செய்வா?

பிப்ரவரி 27

இன்று நடந்ததை எழுத வேண்டும்.

வீட்டுக்காரர் பேர் ஈஸ்வரமூர்த்தி. வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் தரகர். அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, முட்டியைத் தொட்டால் ஒரு கணக்கு. சுற்றி நிற்கிற ஒருவருக்கும் தெரியாது. கல்யாணமான புதிதில் எனக்குச் சொல்லித்தாருங்கள் என்று கேட்டேன். "பொம்பளைக்கு எதுக்கு?" என்றார். அதோடு நான் கேட்கவில்லை.

சாயங்காலம் சந்தையிலிருந்து வந்தவர் கைகால் கழுவிவிட்டு அறை வாசலில் நின்றார். தோளில் வெளுத்த துண்டு. எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினார்.

"அம்மிணி, நாம் பாக்க மாட்டன். தொறக்கவே வேண்டாம். துண்டப் போட்டு மூடிக்க. அதுக்குள்ள கைய உட்டுக் கட்டிப் போடறன்."

"கண்ணுல பாக்காம எப்பிடிங்க கட்டுவீங்க?"

"இத்தன வருசமா என்னத்தப் பாத்து மாடு வித்தன்? கைக்குத் தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தோளிலிருந்து மடி வரைக்கும் துண்டைப் போட்டுக்கொண்டேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடியே கட்டினார். மகள் போனில் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியானால் அவளிடம் முன்பே கேட்டிருக்கிறார்.

மாட்டைத் தொட்டுத் தொட்டுக் காய்த்த கை. ஆனாலும் மெதுவாகத்தான் பட்டது.

மார்ச் 2

மெதுவாகக் கட்டினால் போதுமா? மத்தியானத்துக்குள் கட்டு நழுவி மணிக்கட்டில் குவிந்துவிடுகிறது. "முரட்டுக் காளைக்கு மூக்கணாங்கயிறு போடறவருக்கு இதக் கட்ட முடியலீங்களா?" என்று கேட்டுவிட்டேன். முகம் சுண்டிப்போனது. வாய் இருக்கிறதே எனக்கு.

மார்ச் 4

இன்று நன்றாக இறுக்கிக் கட்டிவிட்டுச் சந்தைக்குப் போனார். விண்ணென்று இருக்கிறது. இறுக்கம்தானே மருந்து. பல்லைக் கடித்துக்கொண்டு துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 4, பொழுதோடு

நல்லவேளை இன்று ஜீப் வருகிற நாள். ஜோமோள் வந்ததும் துண்டை எடுத்தாள். "என்ட மாதாவே" என்று சொல்லிவிட்டு மளமளவென்று அவிழ்த்தாள். விரல் நுனியெல்லாம் நாவல்பழ நிறம். மரத்துக்கூடப் போயிருந்தது, எனக்குத் தெரியவில்லை. நான் குனிந்து பார்த்திருந்தால் அல்லவா தெரியும். கட்டியவரும் பார்க்கவில்லை, கட்டிக்கொண்டவளும் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் வந்து சேர்ந்தார். ஜோமோள் விடவில்லை.

"சேட்டா, விரல் கிட்டேதான் அழுத்தம் கூடுதல், மேலே போகப் போகக் குறையணும். இது நேரே மறிச்சு, தலைகீழ்! தோள் கிட்டே இப்படிக் கயிறு மாதிரி முறுக்கியாச்சு. எந்தினா, எதுக்கு?"

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியிலேயே நின்றார்.

"பாம்பு கடிச்சா மேலதானுங்களே கட்டுவாங்க, வெசம் ஏறாம..."

"பாம்பு கடிச்சாலும் இப்போ அப்படிக் கட்டக் கூடாது சேட்டா. இது விஷமும் இல்லா."

"இல்லீங்க... அந்தத் தண்ணி மறுக்கா நெஞ்சுப் பக்கம் ஏறிருச்சுன்னா? அங்கதானுங்களே மொதல்ல வந்துச்சு. ஏற உடக்கூடாதுன்னுதான்..." துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டார்.

ஜோமோளின் குரல் இறங்கிவிட்டது. "மேலே ஏறிப் போகணும்னுதான் சேட்டா கட்டுறோம். அது போகிற வழி அதுதான். பழைய சூக்கேடு, அந்த நோய், அதில் வராது, கேட்டோ?" போகும்போது என்னிடம், "இனி துண்டு வேண்டாம் சேச்சி. கட்டுற ஆளு விரலைக் காணணும். நிறம் மாறினால், மரத்தால், சிவந்து பனி வந்தால் உடனே அவிழ்க்கணும், ஆஸ்பத்திரி போகணும்" என்றாள். பனி என்றால் காய்ச்சல்.

நிறம் திரும்பிவிட்டது. கை வலிக்கிறது. நானோ இத்தனை நாளும் அவர் அருவருத்து ஒதுங்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்துபோய்க் கிடந்திருக்கிறார் மனுசன். ஒரு வார்த்தை சொன்னாரா? நான் கேட்டேனா?

மார்ச் 7

கிட்டவே வரவில்லை. கட்டுத்தறியே கதி. கழுவின மாட்டையே மறுபடி கழுவுகிறார். கை பழையபடி கனக்கிறது.

மார்ச் 8

நானே கட்டுத்தறிக்குப் போனேன். சுருள்களை மடியில் கட்டி எடுத்துக்கொண்டு.

"ஏனுங்க, மாடு தேஞ்சு போயிரும். இங்க வாங்க."

"வேண்டாம் அம்மிணி. அந்தப் புள்ளையவே தெனமும் வரச் சொல்லலாம்."

"அவொ வேற ஊடு பாக்க வேண்டாமுங்களா? கையப் புடிங்க."

தண்ணீர்த்தொட்டி விளிம்பில் உட்கார்ந்து இடது கையை நீட்டினேன். தோளில் துண்டு இருந்தது. விரல்களும் மணிக்கட்டும் மட்டும் வெளியே. நெஞ்சு அடித்துக்கொண்டது, புதுப்பெண் மாதிரி என்று எழுதினால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

வெகுநேரம் விரல்களையே பார்த்தார். "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டார். விரலில் ஆரம்பித்து, மேலே போகப் போக இளக்கி, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். முடிந்ததும் என் நகத்தை அழுத்தினார். வெளுத்து, சிவந்தது. "செவந்துருச்சு" என்றார், கன்று எழுந்து நின்றதைப் பார்த்தவர்போல.

மார்ச் 15

துண்டு முழங்கைக்கு ஏறிவிட்டது.

வெயில் சகிக்கவில்லை. இந்தப் பாலக்காட்டு வெயிலில் பஞ்சும் துணியும் சுற்றிக்கொண்டு இருப்பது சும்மா இல்லை. கட்டுக்குமேல் ஈரத்துணியால் விசிறிவிட்டார். "சந்தையில பாத்தா சிரிப்பாங்க" என்றேன். "சிரிக்கறவனுக்கு வேற வேலையில்ல" என்றார்.

மார்ச் 24

கணுக்கள் வந்தாயிற்று. மணிக்கட்டு எலும்பும்.

நகம் பார்த்து முடித்தபின் இன்று கையை விடவில்லை. ஐந்து விரலையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தார்.

"இது என்ன வெலைங்க?"

"இது வெலையில்ல. மாடு குடுக்கறதில்லைன்னு அர்த்தம்."

எத்தனை வருஷம் கழித்துச் சொல்லித்தருகிறார் பாருங்கள். மாடு என்றதற்கு ஒரு குத்து விட்டேன், வலது கையால்.

ஏப்ரல் 3

கோடைமழை. காலையில் குளித்துவிட்டு வந்தேன். கொடியில் கிடந்த துண்டு தொப்பலாக நனைந்திருந்தது. வேறு துண்டு பெட்டியில் இருந்தது, எனக்குத் தெரியும்.

எடுக்கவில்லை.

கட்டு தோள்வரை வரவேண்டும். தோளுக்குப் பக்கத்தில்தான் அது. அவர் கை ஒரு நிமிஷம் நின்றது. நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தழும்பின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டு, "ஆறிருச்சு" என்றார். அவ்வளவுதான். பிறகு கட்டத் தொடங்கினார்.

அழுதேன். அவர் பஞ்சுச் சுருளைக் கொடுத்தார், துடைக்க.

ஏப்ரல் 14

சித்திரைக்கனி. வாசலில் கொன்றைப்பூ. வளையல் ஒன்று ஏறியது. ஜோமோள் வந்து கையுறைக்கு அளவெடுத்தாள். இந்தக் கட்டெல்லாம் ஆர் கட்டினது என்று தெரியாதவள்போலக் கேட்டாள். அவர் மாட்டைத் தேடிப் போய்விட்டார்.

ஏப்ரல் 29

கையுறை வந்துவிட்டது. தோல் நிறத்தில், மணிக்கட்டிலிருந்து தோள்வரை. ரப்பர் கிளவுஸ் போட்டுக்கொண்டு இழுத்தால் நானே மாட்டிவிடுகிறேன். யார் துணையும் வேண்டாம். பகல் முழுக்கப் போட்டிருக்க வேண்டும், சாயங்காலம் கழற்றிவிடலாம். கை கனத்தால் மட்டும் பழைய கட்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள் ஜோமோள். செல்லத்துரைக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன், இனி இரண்டு கையும் ஒன்றுபோலவே தைக்கலாம் என்று.

அவர் சுருள்களை ஒவ்வொன்றாக உருட்டி டப்பாவில் அடுக்கினார். "இனி எனக்கு வேலையில்ல" என்று சிரித்தார். சிரிப்பு சரியாக இல்லை.

பொழுதோடு கையுறையைக் கழற்றி அலசிப் போட்டுவிட்டு வந்தேன். அவர் சந்தையிலிருந்து வந்து, துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, அறை வாசலில் நின்றார்.

"கை கனக்குதா அம்மிணி?"

"ஆமாங்க, கனக்குதுங்க" என்றேன்.

கனக்கவில்லை.