உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள்

அன்பு மகள் மெர்லீனுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை டெஸ்மண்டும் நலமாக இருப்பீர்கள், ஹாலிஃபாக்ஸில் குளிர் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம். இந்த முறை அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. பக்கத்து வீட்டு நேஷின் தங்கை மகள் சனிக்கிழமை உன் ஊருக்குப் புறப்படுகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வழக்கம்போல அம்மாவைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும். போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் அம்மா போனை ஸ்பீக்கரில்தான் வைப்பாள், அது உனக்கே தெரியும். கடைத்தெரு வரை நடந்து போய்த் தனியாகக் கூப்பிட்டும் பார்த்தேன், நீ ஹலோ சொன்னதும் மழையைப் பற்றி ஏதோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் பார்த்ததைப் பார்த்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் சொல்ல முடியும், பேப்பருக்குச் செய்தி அனுப்பிய காலத்துப் பழக்கம் அது.

உன் அம்மா சமைத்த சாப்பாட்டை விட்டுவிட்டாள். கொஞ்சம் குறைத்திருக்கிறாள் என்று மட்டும்தான் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். உண்மை அது இல்லை. ஈஸ்டர் முடிந்த வாரத்திலிருந்து நெருப்பில் பட்ட எதுவும் அவள் வாயில் போகவில்லை. சோறு இல்லை, பயறு இல்லை, ரொட்டி இல்லை, சனிக்கிழமை சூப்கூட இல்லை. காலையில் பப்பாளியும் வாழைப்பழமும், மதியம் கீரை வெள்ளரிக்காய் தக்காளியை நீ அனுப்பிய மிக்ஸியில் அடித்து ஒரு பெரிய கிளாஸ், சாயங்காலம் மாம்பழம், நடுவில் இளநீர். இரும்புச் சட்டியைக் கோயில் விற்பனைக்குக் கொடுத்துவிட்டாள். எனக்காகப் பின்கட்டில் கரி அடுப்பில் கோழி வைத்தேன், வாசனை வந்தா மனசு தளருது லெஸாமா, என்று என் பெயரைச் சொல்லிக் கெஞ்சினாள், அன்றோடு அதையும் நிறுத்திவிட்டேன். இப்போது நேஷ் வீட்டில்தான் சாப்பிடுகிறேன். நேஷைத்தான் தெரியுமே, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, என்னண்ணே, அடுப்புக்கு லீவு விட்டாச்சா, இல்ல அக்கா உன்னத் துரத்தி விட்டுட்டாங்களா, என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவான். உன் அம்மாவும் விடமாட்டாள், இவர் தொப்பையக் கொறைக்க வேற வழி தெரியல நேஷ், நீயும் வா, உனக்கும் ஒரு கிளாஸ் தர்றேன், என்பாள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் சில வாரம் அவள் முகத்தில் தெளிவு இருந்தது. காலையில் பாடினாள். தலையை எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டாள், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் உட்கார ஆரம்பித்ததிலிருந்து அவள் கண்ணாடியே பார்த்ததில்லை. ஒருநாள் நான் சண்டை போட்டபோது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எவ்வளவு தண்ணி குடிக்கணும்னு ஒருத்தர் சொல்றாங்க, எந்த நாள் எந்த நாற்காலியில உட்காரணும்னு இன்னொருத்தர் சொல்றாங்க, உப்பு கூடாதுன்னு நீ சொல்ற, இது ஒண்ணுதான் லெஸாமா நானா எடுத்த முடிவு, இதையும் புடுங்கிக்காத.  பிறகு உன்னைப் பற்றிச் சொன்னாள். நீ சமைக்காமல் சாப்பிட ஆரம்பித்ததும் உன் கையில் இருந்த சொறி முழுக்க மறைந்துவிட்டதே, போனில் தோலைக் காட்டினாயே, அது. அவ என் வயித்துல பொறந்தவதானே, அவ ரத்தமும் என் ரத்தமும் வேறயா, அவளுக்குச் சுத்தமானா எனக்கும் சுத்தமாகாதா? இதுதான் அவள் வாதம். அதை உடைக்க டாக்டராலும் முடியவில்லை.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். பழத்திலும் பச்சைக் கீரையிலும் இளநீரிலும் பொட்டாசியம் என்ற ஒரு சத்து இருக்கிறது. உனக்கும் எனக்கும் அது நல்லது, மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். உன் அம்மாவுக்குத் தள்ள ஆள் இல்லை. ஒரு மெஷின் நாளுக்கும் அடுத்த மெஷின் நாளுக்கும் நடுவில் அது ரத்தத்திலேயே தங்கிச் சேரும், அளவு மீறினால் வலியோ முன்னறிவிப்போ இல்லாமல் இதயம் நின்றுவிடலாம். அதனால்தான் கீரையையும் கிழங்கையும் நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடச் சொல்கிறார்கள். ஊரில் மற்றவர்களுக்குச் சத்து போய்விடுமே என்று கவலை, அவளுக்கு அந்தச் சத்து போனால்தான் உயிர். டயாலிசிஸ் அறை நர்ஸ் சிஸ்டர் பான்டின் இதை அவளிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ரத்தப் பரிசோதனையில் அளவு ஏறிக்கொண்டே இருக்கிறது. மத்தியானம் உன் அம்மா கண்ணயரும்போது நான் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விழித்தால், என்ன பாக்குற, பொணம் காக்குறியா, என்கிறாள். வேடிக்கைக்குத்தான் சொல்கிறாள். நான் நாற்காலியை எடுப்பதில்லை.

இனி நான் சொல்லப்போவதை உன்னிடம் சொல்லக் கூடாது என்பது அவள் உத்தரவு. அவகிட்ட சொன்னா டிக்கெட் எடுத்துட்டு வந்து நிப்பா, இப்பதான் புது வேலையில சேர்ந்திருக்கா, வாய மூடிட்டு இரு, என்றாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தோம். நேஷ் ஒரு கிண்ணம் நிறைய ஐந்துவிரல் பழம் கொண்டுவந்தான், வெட்டினால் நட்சத்திரம்போல இருக்குமே, அவர்கள் கிணற்றடி மரத்துப் பழம். அக்கா, உடம்புச் சூட்டுக்கு இதவிடக் குளிர்ச்சி இல்ல, எங்கம்மா வருஷா வருஷம் எங்களுக்கு இதத்தான் அடிச்சுக் குடுப்பாங்க, என்றான். இங்கே நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு யாரும் வருவதில்லை, ஆளுக்கொரு குளிர்ச்சி கொண்டுவருவார்கள், நீ பார்த்து வளர்ந்ததுதான். அவன் அன்பாகத்தான் கொடுத்தான். உன் அம்மா வெள்ளரிக்காயோடு சேர்த்து அடித்து இரண்டு கிளாஸ் குடித்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள், குடித்தேன், புளிப்பாக நன்றாகவே இருந்தது.

சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு விக்கல் வந்தது. சிரித்தோம். குழந்தைக்குச் செய்வதுபோல ஒரு நூலை எச்சிலில் நனைத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். நிற்கவில்லை. பிறகு வாந்தி. நான் பயந்துபோய் வண்டிக்குச் சொல்லலாமா என்று கேட்டால், அவள் கையை ஆட்டுகிறாள். நேஷும், பயப்படாதண்ணே, வேலை செய்யுது, ஆகஸ்ட் மாசம் நம்ம அம்மாங்க பேதிக்குக் குடுத்தப்ப எப்படி இருந்துச்சு, நாறி நெளிஞ்சாத்தானே அழுக்கு எறங்கும், என்கிறான். மெர்லீன், இதுதான் இந்த ஊரில் எல்லாருக்கும் ரத்தத்தில் ஊறிய எண்ணம். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் நம் ஒவ்வொருவருக்கும் குளிர்ச்சி கொடுத்து, அதற்குப் பிறகு பேதி மருந்து கொடுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும்போது நல்லதுக்குத்தான் என்று சொல்லி வளர்த்தார்கள். அதனால் உடம்பு அபயம் அபயம் என்று கத்தும்போது, மருந்து வேலை செய்கிறது என்று நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் அவள் என்னைப் பார்த்து, நாளைக்கு ஸ்கூல் தொறக்குது, மெர்லீன் யூனிஃபார்ம் இன்னும் தேய்க்கல, கரி இருக்கா, என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கண்ணைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

சிஸ்டர் பான்டினுக்குப் போன் போட்டேன். முதல் கேள்வி, என்ன சாப்பிட்டாங்க, என்பது. ஐந்துவிரல் பழம் என்றேன்.  உடனே, வண்டிய எடுங்க லெஸாமா, மத்தத வழியில பேசுவோம், என்றாள். நேஷின் பிக்கப்பில் நடுவில் அவளை உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினோம். கடற்கரைச் சாலையின் வளைவுகள் உனக்குத் தெரியும், எவ்வளவு அவசரமானாலும் அவை நிமிராது. வழி முழுக்க விக்கல், விக்கலுக்கு நடுவில் நாற்பது வருஷத்துக்கு முந்தைய பேச்சு. நேஷ் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை.  ஆஸ்பத்திரி வாசலில் வலிப்பு வந்துவிட்டது. என் கைகளில்தான் வந்தது. அதை இதற்கு மேல் எழுத மாட்டேன். உடனே மெஷினில் போட்டார்கள், மறுநாளும் போட்டார்கள். அந்தப் பழத்தில் ஒரு நஞ்சு இருக்கிறதாம், நல்ல சிறுநீரகம் அதை உணரக்கூட விடாமல் வெளியேற்றிவிடுமாம், இவர்களைப் போன்றவர்களுக்கு ஒரே பழம் போதுமாம், தீராத விக்கல்தான் அதன் முதல் அடையாளமாம். அங்கே இருந்த ஓர் இளம் டாக்டர் இதைச் சொல்லிவிட்டு, உங்களுக்கு யாரும் எச்சரிக்கலையா, என்று கேட்டார். அச்சடித்துக் கொடுத்த தாளில் இருக்கிறது, அவர்கள் வைத்திருக்கிற பெயரில். எங்கள் ஊர்ப் பெயரில் இல்லை, எங்களில் யாருக்கும் அது இதுதான் என்று தோன்றவில்லை. நேஷ் அந்த மரத்தை அன்றே வெட்டிவிட்டான். இன்னும் நம் வாசல் ஏறி வரமாட்டேன் என்கிறான், வேலியோரம் நின்று, அக்கா எப்படி இருக்காங்க, என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போகிறான்.

பிழைத்துவிட்டாள், அதற்குக் கடவுளுக்கு நன்றி. ஆனால் என் பயம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, பாத்தியா லெஸாமா, எவ்வளவு அழுக்கு இருந்திருக்கு உள்ள, எல்லாம் போயிடுச்சு, இப்ப எப்படி லேசா இருக்கு தெரியுமா. லேசாக இருப்பது இரண்டு நாள் மெஷின் போட்டதால். அவள் கணக்கில் அது பச்சைச் சாப்பாட்டின் வேலை. ஐந்துவிரல் பழத்தை மட்டும் விட்டிருக்கிறாள், மற்றதெல்லாம் பழையபடி நடக்கிறது. அதோடு நிற்கவில்லை. ரத்தம் சுத்தமாகிவிட்டதாம், வாரம் மூன்று நாள் மெஷின் அதிகமாம், வருகிற வாரத்திலிருந்து புதன்கிழமை போகப்போவதில்லையாம். சிஸ்டர் பான்டின் கெஞ்சினாள், உர்சுலா அம்மா, நீங்க கல்லக்கூடப் பச்சையாத் தின்னுங்க, நாற்காலியில வந்து மட்டும் உட்காந்துடுங்க, என்று. உன் அம்மா சிரித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தினமும் பழத்தைத் தின்றுகொண்டு ஒரு நாள் மெஷினையும் விட்டால் என்ன ஆகும் என்று நான் டாக்டரைத் தனியாகக் கேட்டேன். கணக்கு எதுவும் சொல்லவில்லை அவர். உங்க பிள்ளைங்க எங்க இருக்காங்க, என்று கேட்டார். பேப்பரில் வேலை பார்த்தவனுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை கண்ணு. உன் சாப்பாடு உனக்கு நன்மை செய்தது, அதை என் கண்ணாலேயே பார்த்தேன், நீ அதை அம்மாவுக்குச் சொன்னது மகள் செய்கிற காரியம்தான். அவள் உடம்பு நிலைமையை நாங்கள்தான் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. டிக்கெட்டும் எடுக்காதே, நீ வந்து நின்றால், தான் சாகக் கிடப்பதாக நினைத்து இன்னும் பிடிவாதமாக நிற்பாள். நான் கேட்பது வேறு. டாக்டர் சொன்னார், நர்ஸ் சொன்னாள், கட்டின புருஷன் சொன்னேன், யாருடைய பேச்சும் ஏறவில்லை. உன் தோலைக் கண்ணால் பார்த்துத்தான் இதற்குள் போனாள், கண்ணால் பார்த்தால்தான் வெளியே வருவாள். ஞாயிற்றுக்கிழமை நீ அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அவளைக் கூப்பிடு. கேமராவை அடுப்புப் பக்கம் வை. கீரையை அவள் பார்க்க வேகவை, தண்ணீரை அவள் பார்க்கக் கொட்டு, ஒரு தட்டில் கொஞ்சம் சோறும் அந்தக் கீரையும் போட்டு, ஆவி பறக்கப் பறக்க, அவள் பார்க்கச் சாப்பிடு. பொய் சொல்லச் சொல்லவில்லை, பொய் உனக்கும் வராது, அவளிடம் நிற்கவும் நிற்காது. உண்மையாகவே சாப்பிடு. எத்தனை வருஷமாக நீ தொடாததை நான் தொடச் சொல்கிறேன் என்று தெரியும், உன் கையில் மறுபடி சொறி வந்தாலும் வரலாம், அது தெரிந்துதான் கேட்கிறேன். அம்மா, உனக்காக நான் இதைச் சாப்பிட்டேன், எனக்காக நீ சாப்பிடு, புதன்கிழமை போய் உட்கார் என்று சொல். வேறு பிரசங்கம் வேண்டாம். அழாதே, அழுதால் உன்னைத் தேற்றுவதில் விஷயத்தை மாற்றிவிடுவாள்.

கேட்பாளா என்று எனக்குத் தெரியாது. புதன்கிழமை காலையில் வழக்கமான நேரத்துக்கு நேஷின் பிக்கப்பை வாங்கிக் கழுவி வாசலில் நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. நீயும் மாப்பிள்ளையும் நீண்ட நாள் நல்லபடியாக இருக்க வேண்டும், கடல் தாண்டிப் போன பிள்ளையைக் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. கடிதம் கிடைத்ததாகப் போனில் சொல்லாதே, அவளுக்குக் கேட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மறக்காதே மகளே, முதலில் அடுப்பு, பிறகு போன்.

உன் பதிலுக்கு அல்ல, அந்தத் தட்டுக்காகக் காத்திருக்கும்
உன் அப்பா,
கத்பர்ட் லெஸாமா
மாட்டெலோ