பேனரில் தங்கை

அப்பா,

ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு நான் வரவில்லை. கேட்பவர்களிடம் காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில், மாதவிடாய் ஏன் வருகிறது, யாராவது தவறாகத் தொட்டால் யாரிடம் சொல்வது என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவராக நீங்கள் உள்ளே வந்தீர்கள். "இன்னா டீச்சர், பொட்டப் புள்ளைங்ககிட்ட அசிங்கம் பேசிக்கினு கீறே?" என்று பெற்ற மகளைக் கேட்டீர்கள். ஏதோ சொல்ல எழுந்த மாணவி நிவேதா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இன்று உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் நீங்கள் வைத்த பேனரைப் பார்த்தேன். தங்கையின் முகம், பூப்புனித நீராட்டு விழா என்று பெரிய எழுத்து, சுற்றிலும் கைகூப்பியபடி உங்கள் கட்சிக்காரர்கள். "தலைவர் வூட்டுப் பாப்பா பெரிய மனுசி ஆயிட்ச்சாம்டா" என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

அறைக்கு வந்ததும் தங்கை போன் செய்தாள். "அக்கா, எனக்கு இன்னா வியாதி? யாருமே சொல்ல மாட்றாங்க."

ஊருக்கே அறிவித்தீர்கள், அவளிடம் மட்டும் சொல்லவில்லை. அவள் அழுகை நிற்கும்வரை நான்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை அந்தப் பாடத்தை மறுபடியும் எடுப்பேன். நிவேதா சொல்ல வந்ததைக் கேட்க வேண்டும். நீங்கள் வந்தால் வெளியே நில்லுங்கள்.

உங்கள் மூத்த மகள்