டீச்சரம்மா குடியிருக்கும் வீடு

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் உன் மாமியாருக்கு இப்போது பரவாயில்லையா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் வீடு எனக்கு வேண்டும். அதில் வாடகைக்கு இருக்கும் டீச்சரம்மா குடும்பத்தின் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது அல்லவா? மேற்கொண்டு நீட்டாதே. அடுத்த மாதம் முதல் தேதி நான் பெட்டியோடு வந்து இறங்கிவிடுவேன்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. மகனும் மருமகளும் தாங்கு தாங்கென்று தாங்குகிறார்கள். மருமகளுக்குப் பிரசவ நேரம் என்பதால் அவளுடைய அம்மா வந்திருக்கிறார். நான் இப்போது ஹாலில் படுத்துக்கொள்கிறேன். ஹாலில் நல்ல காற்று. உன் அண்ணன் கட்டிய வீட்டில் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று ஆசை, அவ்வளவுதான்.

உடனே பதில் போடு. போனில் பேசலாம் என்றால் போனும் ஹாலில்தான் இருக்கிறது, சுற்றி நாலு காது.

அண்ணி

மார்ச் 7

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று இவள் கேட்டாள்.

அண்ணி, டீச்சரம்மாவுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டேன். இன்னும் மூன்று வருஷத்துக்கு. ஜனவரியிலேயே உங்களுக்கு எழுதிக் கேட்டேனே? வீட்டை என் ஆபீஸ் பொறுப்பில் விட்டபோது நீங்கள்தான் சொன்னீர்கள்: "சும்மா சும்மா என்னைக் கேக்காதப்பா. எழுதிப் போடு. பதில் வரலைன்னா சரின்னு வச்சுக்கோ." பெயின்ட் அடித்தது, தண்ணீர்த் தொட்டி மாற்றியது எல்லாம் அப்படித்தானே நடந்தது? இந்தத் தடவையும் பதில் வரவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

இப்போது நான் என்ன செய்ய? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கொழுந்தன்

மார்ச் 11

தம்பிக்கு,

கோபப்படாமல் கொஞ்சவா செய்வார்கள்? தொட்டி மாற்றுவதும் மூன்று வருஷம் வீட்டைத் தூக்கிக் கொடுப்பதும் ஒன்றா? ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுக்கிற மேலாளருக்கு இது தெரியாதா?

ஜனவரியில் எனக்குக் கண் ஆபரேஷன். நீ பதறுவாய் என்று சொல்லவில்லை. படிக்கவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. உன் கடிதம் தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. படித்துக் காட்டச் சொல்லலாம் என்றால், பாவம், இங்கே எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை. இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். கண் சரியானதும் தேடினால் காணோம். ஹாலைச் சுத்தம் செய்தபோது பழைய பேப்பரோடு போயிருக்க வேண்டும்.

நீ போய்ப் பேசு. கெஞ்சுவாயோ சண்டை போடுவாயோ, எனக்குத் தெரியாது. முதல் தேதிக்கு வீடு வேண்டும்.

அண்ணி

மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

ஆபரேஷன் செய்துகொண்டதைக்கூடச் சொல்லக் கூடாதா? நான் என்ன அந்நியனா? மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

டீச்சரம்மாவிடம் மூன்று தடவை பேசிவிட்டேன். அந்த அம்மா வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்டார்: "சார், புள்ளைங்க ரெண்டையும் இப்பதான் எதிர் ஸ்கூல்ல சேத்திருக்கோம். நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னுதானே சேத்தோம்? இப்ப போன்னா எங்க போவோம்?"

ஒரே ஒரு வழி இருக்கிறது. வீட்டுக்காரர்கள் நினைத்தபோது குடித்தனக்காரர்களைத் துரத்தக் கூடாது என்று எங்கள் ஆபீஸ் ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். உரிமையாளருக்குக் குடியிருக்க வேறு இடமே இல்லை என்றால் மட்டும், நடுவில் காலி செய்யச் சொல்லலாம். அதை உரிமையாளர் காரணத்தோடு கைப்பட எழுதித் தர வேண்டும். குடியிருப்பவரிடம் காட்ட வேண்டும். அப்படி ஒரு காகிதம் காட்டினால் மறுபேச்சுப் பேச மாட்டேன் என்று டீச்சரம்மாவும் சொல்லிவிட்டார்.

ஆனால் உங்களுக்கு அது பொருந்தாதே, அண்ணி? மகன் வீடு இருக்கிறதே. ஆசைக்காக வருகிறேன் என்றால் ஒப்பந்தம் கேட்காது.

உங்கள் கொழுந்தன்

மார்ச் 20

தம்பிக்கு,

நன்றாக இருக்கிறது உன் நிபந்தனை! உட்கார்ந்து யோசித்து எனக்கென்றே போட்டாயா?

இடமில்லாதவள் என்று நான் ஏன் எழுத வேண்டும்? என் மகன் எவ்வளவு பெரிய வேலையில் இருக்கிறான். அப்படி எழுதினால் அவன் தலையை எங்கே கொண்டு வைத்துக்கொள்வான்? அதுவும் முன்பின் தெரியாத ஒரு டீச்சர் படிப்பதற்கு! வேண்டவே வேண்டாம். மூன்று வருஷமோ முப்பது வருஷமோ, அவர்களே இருக்கட்டும். எனக்கென்ன, ராஜாத்தி மாதிரி இருக்கிறேன்.

இந்தப் பேச்சை இதோடு விடு.

அண்ணி

மார்ச் 23

அன்புள்ள அண்ணிக்கு,

விடச் சொன்னீர்கள். விட முடியவில்லை. நான் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே எங்கள் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர் நீங்கள். உங்களுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் 'ராஜாத்தி' மாதிரி ஏதாவது ஒரு வார்த்தை கூடுதலாக வந்து விழும்.

காற்றுக்காக யாராவது ஹாலில் படுப்பார்களா? ஆசைக்காக வருகிறவர் முதல் தேதி, முதல் தேதி என்று ஏன் பறக்க வேண்டும்? என்ன நடக்கிறது அங்கே? என்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லப்போகிறீர்கள்?

வீடு கிடக்கட்டும். நீங்கள் இங்கே வாருங்கள். முன் அறையில் மாமியார் கட்டில் கிடக்கிறது, உங்களுக்கே தெரியும். ஹாலில் ஒரு பக்கம் மறைத்துக் கொடுக்கிறோம். இவளும் "வரச் சொல்லுங்க, எனக்கும் ஒரு பேச்சுத் துணை" என்கிறாள்.

உடனே எழுதுங்கள். தூக்கம் பிடிக்கவில்லை.

உங்கள் கொழுந்தன்

மார்ச் 26

தம்பிக்கு,

உன் மனைவி மகராசியாக இருக்கட்டும். ஆனால் ஒரு ஹாலிலிருந்து இன்னொரு ஹாலுக்கு மாற்றிப் போட நான் என்ன நாற்காலியா? எனக்குக் கதவு வைத்த ஒரு அறை வேண்டும். உன் ஆபீஸ் கேட்ட காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

*

மேலாளர் அவர்களுக்கு,

வீட்டின் உரிமையாளராகிய நான் என் கைப்பட எழுதிக் கொடுப்பது. இந்த மாதக் கடைசிக்குப் பிறகு தன் வீட்டில் எனக்கு இடமில்லை என்று என் மகன் சொல்லிவிட்டான். நான் குடியிருக்க எனக்கு வேறு இடம் கிடையாது. ஆகவே என் வீட்டைக் காலி செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்

*

தம்பி, நாலு தடவை கிழித்துப் போட்டுவிட்டு எழுதியது இது. டீச்சரம்மாவிடம் நீயே கையில் கொடு. அவருக்கு வேறு நல்ல வீடாக, அந்த ஸ்கூல் பக்கத்திலேயே, பார்த்துக் கொடுக்க வேண்டியது உன் பொறுப்பு. அதுவரை நான் அங்கே ஒரே ஓர் அறையில் இருந்துகொள்கிறேன், அவர் சம்மதித்தால். கேட்டுப் பார்.

அவர் படித்து முடித்ததும், என் மகன் கெட்டவன் இல்லை என்று மறக்காமல் சொல்லிவிடு. இரண்டே அறை, குழந்தை வேறு வரப்போகிறது, அவனும் என்ன செய்வான்? என்னிடம் சொல்லிவிட்டு அன்று ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டான்.

மற்றபடி தெருவில் யார் கேட்டாலும், நானாகத்தான் கிளம்பி வந்தேன் என்று சொல்.

அண்ணி