தலை இல்லாமல் வரைந்த படம்

அக்கா,

காலையில் உன் அம்மா வாலிநோக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். கடலில் இறங்கும்போது நீ சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் கட்டம் போட்ட ஆம்பளைச் சட்டையை என்னிடம் கொடுத்து, "வீணாப் போறதுக்கு நீயாச்சும் போடு ஆத்தா" என்றார்கள். துவைத்து மடித்த சட்டைதான். ஆனாலும் கடல்பாசி வாசம் போகவில்லை.

ஒன்பதாவதோடு நான் நின்ற பிறகு, பாசி எடுக்க என்னைக் கூட்டிப்போனவள் நீ. யாரிடமும் பேசக் கூச்சப்படும் எனக்காக நீயே எல்லோரிடமும் பேசிவிடுவாய்.

பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு படத்தைக் கிழித்து வைத்திருந்தேன். கிரேக்க நாட்டுப் பழைய கற்சிலை. தலை இல்லை, இரண்டு கையும் இல்லை. ஆனால் உடம்பில் ஒட்டியிருக்கும் துணியின் மடிப்புகளைப் பார்த்தால், இப்போதுதான் நனைந்தது போல இருக்கும். உன்னிடம் காட்டினேன். "அடியாத்தி, கையில்லாம இவ எப்படிடி பாசி எடுப்பா?" என்று சிரித்தாய்.

நீ தண்ணீரிலிருந்து கரையேறி வரும்போதெல்லாம் அந்தச் சிலையே எழுந்து நடந்து வருவது போல இருக்கும். அதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்தேன். தோள், நனைந்த சட்டை, பாசிப் பையை இடுப்போடு கட்டிய நீலக் கயிறு. தலையை மட்டும் வரையவில்லை. சிலையின் தலை எப்போதோ தானாக உடைந்துபோனது. உன் தலையை எடுத்தவள் நான். யாராவது பார்த்தால் அது நீ இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாமே என்றுதான்.

ஒருநாள் என் சாப்பாட்டுப் பையிலிருந்து அந்தத் தாள் காற்றில் பறந்தது. பாசி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் எடுத்துவிட்டார்கள்.

"ஏடி, யாருடி இது, தலையக் காணோம்?"

"தலை என்னத்துக்கு? நம்மள்ல நீலக் கயிறு கட்டுறது யாரு?"

"எவன் முன்னால போயி நின்னாளோ!"

எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்திருப்பாய். பாறையில் விரல் கிழியாமலிருக்கச் சுற்றிய துணியை அவிழ்ப்பது போல நான் குனிந்துகொண்டேன். "எதோ வேலையத்தது கிறுக்கிருக்கு, விடுங்கடி" என்ற உன் குரல் மட்டும் கேட்டது.

பேச்சு உன் மாமியார் வரை போனது. அன்றோடு உன்னைக் கடலுக்கு விடவில்லை. நான்தான் வரைந்தேன் என்று சொல்லியிருந்தால் போதும். உன் வாசல் வரை மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் உள்ளே வராமல் திரும்பினேன். பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. சொல்ல ஆளில்லாமல் போனது.

கிளம்பும்போது உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நீ நல்லாப் படம் வரைவியாமே. போன்ல உன் பேச்சுத்தான் பேசுவா. அவ முகத்த ஒண்ணு வரைஞ்சு குடு. ஆதார் கார்டுல இருக்கது அவ மாதிரியே இல்ல."

அவர்களிடமும் நான் சொல்லவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

மத்தியானத்திலிருந்து வரைகிறேன். தோளும் சட்டை மடிப்பும் பென்சிலை வைத்ததுமே வந்துவிடுகின்றன. கழுத்துக்கு மேலே போனால், துணியை அவிழ்த்துக்கொண்டிருக்கும் என் விரல்கள்தான் தெரிகின்றன, அக்கா.